செவலையின் கயிறு

பச்சமுத்து யாருக்கும் கையில் கிடைத்ததைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். அது கஞ்சத்தனம் இல்லை. கொடுக்கிற பொருள் வாங்குகிறவன் வீட்டில் ஒரு குறையை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கொட்டுகிற மழையில் கம்பத்தில் ஏறி மோட்டார் லைனைச் சரி செய்து கொடுத்த மின்வாரியத்து ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தார். கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட பசுவைப் பிழைக்க வைத்த மாட்டு டாக்டருக்கு நல்லதாக ஒரு டார்ச் லைட். மகள் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிய புத்தகப் பையைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்த கண்டக்டருக்கு ஒரு ஜோடி செருப்பு. அந்த மனுஷனின் செருப்பு அளவு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மோர் குடிக்க எறங்கினான். மண்ணுல தடம் வுழுந்துச்சி. ஜாண் வெச்சி அளந்துக்கினேன்" என்றார்.

மானாம்பதியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஏரித் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நிலம், ஒரு பழைய டிராக்டர், கொட்டகையில் மாடுகள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பேச்சு கட்டையால் அடித்த மாதிரிதான் வரும். அப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஹேமாவதிக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது.

சேதி வந்த அன்று பெண்டாட்டி ஜெயம்மாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பச்சமுத்து மகளைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். மார்க்கு மட்டும் போதாதாம். இந்தப் பெண் நல்ல பெண், வேலை தெரிந்த பெண், சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேர் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டுமாம். படிக்க வைத்தவர் ஒருவர், வேலை வாங்கியவர் ஒருவர். அதை அவர்களே கம்ப்யூட்டர் வழியாக நேராக அங்கே அனுப்பிவிட வேண்டும். படிக்கப் போகிறவள் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள்.

"ரெண்டு லெட்டரும் போச்சா?"

"போச்சி நைனா. போனதாலதான் சீட்டு."

"யாரு எழுதனது?"

"காலேஜ்ல வசந்தகுமாரி மேடம். அப்பறம் பண்ணையில வேல பாத்ததுக்கு ஒண்ணு..."

"பண்ணை மேனேஜரு, நம்ம வேதா."

ஹேமாவதி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பச்சமுத்து அதைக் கவனிக்கவில்லை. அவர் அதற்குள் குறை தேடக் கிளம்பிவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் இன்னா குடுக்கலாம்?"

"தேங்க்ஸ்னு ஒரு மெயில் போட்டா போதும், நைனா. அதுக்கு மேல எதுவும் எதிர்பாக்க மாட்டாங்க."

"மெயிலா? அத்த இன்னா கொழம்புல போடுவாங்களா?"

ஜெயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

முதலில் கல்லூரி டீச்சர். காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேலை எடுக்கலாம் என்றாள் ஜெயம்மாள். பச்சமுத்து ஒரு நாள் கல்லூரி விடுகிற நேரத்துக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். "அந்தம்மா கட்றது கஞ்சி போட்ட பருத்தி. பட்டு குடுத்தா பீரோவுல தூங்கும். கையில பை இல்ல, மோதிரம் இல்ல. ஒண்ணும் புடிபடல" என்றார். அவருக்கே அது பேஜாராகத்தான் இருந்தது. கடைசியில் அப்போதுதான் பிடுங்கியிருந்த மல்லாட்டையை, வேர்க்கடலையைத்தான், ஒரு பை நிறைய, மண் போகக் கழுவி, வெயிலில் காட்டி எடுத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியுமாக அந்தம்மாள் வீட்டுக்குப் போனார்கள்.

வசந்தகுமாரி உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தாள். பையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதெல்லாம் எதுக்குங்க? அவ நல்லா படிச்சா, இருக்கறத எழுதினேன். எழுதறது என் வேலை. அதுக்கு ஒண்ணும் வாங்கறதில்ல."

"தோட்டத்துல வெளஞ்சதும்மா. கடையில வாங்கல."

"அப்ப ஒரு கை எடுத்துக்கறேன்" என்று ஒரு கிண்ணம் கொண்டுவந்து, அது நிறைய மட்டும் அள்ளிக்கொண்டு, மிச்சத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "ஹேமா அங்க போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. அதுதான் எனக்கு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பச்சமுத்து உம்மென்று இருந்தார். பை மடியில் கனத்தது.

"மல்லாட்டைய திருப்பிக் குடுக்குதுடி. நாம இன்னா லஞ்சமா குடுத்தோம்?"

"படிச்சவங்க அப்டிதான்."

"வேதாவும் படிச்சவன்தான். அவன் இப்டி மூஞ்சில அடிப்பானா?"

வேதகிரியும் பச்சமுத்துவும் ஒரே தெரு. ஒரே ஏரியில் முங்கி ஒரே தூண்டிலில் மீன் பிடித்தவர்கள். வேதகிரிக்குப் படிப்பு ஏறியது, பச்சமுத்துவுக்கு ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேதகிரியின் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாரை அழைத்து வந்தது பச்சமுத்துவின் டிராக்டர். வேதகிரியின் அப்பா செத்தபோது மறுபக்கம் தோள் கொடுத்ததும் அவர்தான். இப்போது வேதகிரி ஒரு தனியார் விதைப் பண்ணைக்கு மேனேஜர். உத்திரமேரூருக்கு வெளியே புது வீடு கட்டியிருந்தார். ஹேமாவதி படிப்பு முடிந்து அந்தப் பண்ணையில்தான் வேலை பார்த்தாள். பண்ணைக்கு டிராக்டர் ஓட்டப் போகும்போதெல்லாம் மகள் நாற்று நடுவில் நோட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "எங்க கீது பாரு என் கலெக்டரு" என்று பச்சமுத்து டிரெய்லர் ஆளிடம் காட்டுவார்.

வேதகிரிக்கு என்ன கொடுப்பது? பச்சமுத்துவுக்குத் தூக்கமே போய்விட்டது. அரிசி மூட்டை கொடுக்கலாமென்றால் அவரே விதை நெல்லுக்கு மேனேஜர். ஏரி விரால் கொடுக்கலாமென்றால் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த வீட்டில் வாயைக் கட்டிவிட்டார்கள். வெள்ளி விளக்கு ஏற்கெனவே இரண்டு ஷோகேஸில் இருக்கிறது. பட்டு வேட்டி கட்டுகிற ஆள் இல்லை.

"ஒரு சொக்கா துணி குடேன்" என்றாள் ஜெயம்மாள்.

"எம்பொண்ண கப்பல் ஏத்தி வுட்டவனுக்குச் சொக்கா துணியா?"

"ஏரோப்ளேன்யா."

"ஏதோ ஒண்ணு."

ஒரு நாள் பண்ணையில் டீ குடிக்கும்போது வேதகிரி டம்ளரைப் பார்த்து முகம் சுளித்தார். "பாக்கெட்டு பாலுடா. சுண்ணாம்புத் தண்ணி மாதிரி கீது. வூட்ல அவளும் தெனம் பொலம்பறா. பின்னால எடம் கீது, புல்லும் கீது, ஒரு மாடு வாங்கிக் கட்டுய்யாங்கறா. எனக்கெங்க நேரம்?"

பச்சமுத்துவுக்குப் பளிச்சென்று விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குப் போய்ச் செவலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

செவலை கிடேரி. அந்தக் கொட்டகையிலேயே பிறந்தது. பிறந்த அன்று எழுந்து நிற்க முடியாமல் கிடந்ததை ஹேமாவதிதான் மடியில் போட்டு விரலைச் சப்ப வைத்துப் பால் குடிக்கப் பழக்கினாள். இப்போது தலைச்சன் சினை. தை பிறந்தால் கன்று போடும். ஜெயம்மாளிடம் சொன்னபோது அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"செவலையவா?"

"அவன் வூட்ல பால் இல்லடி."

"பொண்ண ஒரு வார்த்த கேளு."

"அவ மெட்ராசுல விசாவுக்கு அலஞ்சிக்கினு கீறா. இத்த போன்ல கேட்டா அழுவா. வந்தப்பறம் சொல்லிக்கலாம். அவளுக்காகத்தானே குடுக்கறோம்?"

வெள்ளிக்கிழமை காலையில் செவலையைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கொம்புக்கு நடுவில் ஒரு முழம் பூச்சுற்றி, வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். ஜெயம்மாளும் கூடப் போனாள். வேதகிரி லுங்கியோடு வெளியே வந்தவர் வண்டியைப் பார்த்து அப்படியே நின்றார்.

"டேய் பச்ச, இன்னாடா இது?"

"உனக்குத்தான். புடி."

"எதுக்குடா?"

"எதுக்கா? லெட்டரு எழுதன இல்ல, அதுக்கு."

வேதகிரி பச்சமுத்துவைப் பார்க்கவில்லை. செவலையின் முதுகைத் தடவினார். அது வாலைச் சுழற்றியது. வீட்டுக்குள்ளிருந்து அவர் பெண்டாட்டி ஓடிவந்து, "அய்யோ, மகாலட்சுமியாட்டம் கீதுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு லெட்டருக்குப் போயி மாட்டக் கொண்டாருவியாடா, பைத்தியக்காரா" என்றார் வேதகிரி.

"லெட்டராடா அது? எம்பொண்ணு தலையெழுத்து."

"சரி சரி வுடு. நம்ம பொண்ணுக்கு நான் எழுதாம வேற எவன்டா எழுதுவான்?"

அந்த ஒரு வார்த்தை பச்சமுத்துவுக்குப் போதும். மல்லாட்டைப் பை மடியில் கனத்ததெல்லாம் மறந்துபோயிற்று. மனுஷன்னா இவன் மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

"கயிறு இல்லியே, ஆள அனுப்பறேன் இரு" என்றார் வேதகிரி.

அந்தப் பக்கத்தில் மாட்டைக் கொடுத்தாலும் சரி, விற்றாலும் சரி, கயிற்றைச் சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பழைய கயிறு பிறந்த கொட்டகைக்கே திரும்பி வந்துவிட வேண்டும். கயிற்றோடு கொடுத்தால் கொட்டகையின் லட்சுமியும் சேர்ந்து போய்விடும் என்பார்கள். செவலையின் கழுத்தில் இருந்தது நூல் கயிறு. நைலான் அறுக்கும் என்று ஹேமாவதி சண்டை போட்டு வாலாஜாபாத் சந்தையில் வாங்க வைத்தது.

பச்சமுத்து, "எதுக்குக் கயிறு? இதோடவே வெச்சிக்க" என்றார்.

ஜெயம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், கயித்த அவுத்துக்கினு வாய்யா."

"சும்மா இருடி. அவன் வூடு நம்ம வூடு வேறயா?"

வேதகிரி கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து பச்சமுத்துவுக்கு வேறு பேச்சே கிடையாது. டீக்கடையில், அரிசி ஆலையில், நடவு ஆட்களிடம், எங்கே உட்கார்ந்தாலும் வேதாவின் கடிதம்தான். "அவன் எழுதன எழுத்துக்கு வெள்ளக்காரனே எந்திரிச்சி நின்னான்" என்பார். அவன் எழுதினதை அவர் பார்த்ததில்லை. பார்த்த மாதிரியே சொன்னார். கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு கடிதம் வாங்கினால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஹேமாவதி விசாவோடு ஊருக்கு வந்தாள். பையை வாசலில் போட்டுவிட்டு, எப்போதும் போல நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்தாள்.

"செவல எங்க? மேயப் போயிருக்கா?"

ஜெயம்மாள் புருஷனைப் பார்த்தாள். பச்சமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேதா வூட்ல நல்லா கீது. லெட்டருக்குக் குடுத்தேன்" என்றார்.

"யாருக்கு?"

"காது கேக்கல? வேதாவுக்கு."

பச்சமுத்து மகளின் முகத்தைப் பார்த்தார். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது, அது சிரிப்பு இல்லை.

"அவரு எழுதல நைனா."

"இன்னா?"

"லெட்டரு எழுதல. நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். அனுப்பிட்டேம்மா, அனுப்பிட்டேம்மானு சொல்லிக்கினே இருந்தாரு. அனுப்பினா அந்த ஜெர்மனி காலேஜு சைட்டுல வந்துச்சினு காட்டும். காட்டவே இல்ல. கடைசி நாள் பண்ணைக்கே போய் நின்னேன். அப்பதான் வாயத் தொறந்தாரு. நீ போயிட்டா சீசன்ல ரிப்போர்ட்டெல்லாம் யாரு எழுதறது, ஒரு வருஷம் கழிச்சிப் போனா இன்னா கொறஞ்சா போயிடுவனு கேட்டாரு."

பச்சமுத்து கொட்டகைப் பக்கம் பார்த்தார். அவர் காதில், 'நான் எழுதாம வேற எவன்டா எழுதுவான்' என்றது ஒரு குரல்.

"அப்ப யாரு எழுதனது?"

"மேரி மேடம். முன்ன பண்ணை லேப்ல எனக்கு மேல இருந்தாங்களே. இப்ப திண்டிவனத்துல வேல. போன் பண்ணி அழுதேன். வூட்டுக்குப் போற பஸ்ஸுல உக்காந்து போன்லயே எழுதி அனுப்பினாங்க. அன்னிக்கி ராவோட நேரம் முடியுது. நீ ஒரு வாட்டி அவங்கள வண்டில ஏத்திக்கினு போயி பஸ் ஸ்டாண்டுல வுட்ட."

பச்சமுத்து யோசித்துப் பார்த்தார். ஒரு கறுப்புக் குடை ஞாபகத்துக்கு வந்தது. குடைக்குக் கீழே இருந்த முகம் வரவில்லை.

"இத்த எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர வுட்டா உனக்குப் பேச்சுக்கு யாரு கீறாங்க? கஷ்டப்படுவனு சொல்லல. மிஞ்சிப் போனா ஒரு ஸ்வீட் பாக்ஸ் குடுப்ப, போவட்டும்னு நெனச்சேன். செவலையக் குடுப்பனு எனக்கு எப்டித் தெரியும்?"

ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கயித்தோட குடுத்தியேய்யா."

பச்சமுத்து டிராக்டர் சாவியை எடுத்தார். அப்புறம் அதை வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஹேமாவதி பின்னாலேயே வந்து, "நைனா, சண்ட போடாத, சண்ட போடாத" என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வழியெல்லாம் மனசுக்குள் அவரைப் பிய்த்துத் தின்றது மாடு போனது இல்லை. எழுதவில்லை என்பதுகூட இல்லை. எழுத மனசில்லை என்றால் எழுத வேண்டாம். பச்சமுத்து மஞ்சள் குங்குமம் வைத்து மாட்டைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, அவன் ஒரு வார்த்தை, 'டேய், நான் எழுதலடா' என்று சொல்லியிருந்தால் போதும். சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருப்பார். மறுநாள் சேர்ந்து டீ குடித்திருப்பார். அவன் கையை நீட்டிக் கயிற்றை வாங்கிக்கொண்டான். சுற்றிக்கொண்டான். இத்தனை நாளும் டீக்கடையில் பச்சமுத்து பாடுகிற பாட்டையெல்லாம் கேட்டுக்கொண்டு, கேட்பவர்கள் முன்னால் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொண்டான்.

வேதகிரி வீட்டு வாசலில் பக்கத்து ஊர் ராஜாராம் உட்கார்ந்திருந்தான். கையில் தட்டு. ஆப்பிளும் ஆரஞ்சும், மேலே ஒரு சட்டைத் துணி. எதிரே நாற்காலியில் வேதகிரி. பச்சமுத்துவைப் பார்த்ததும் ராஜாராம் பல்லெல்லாம் தெரிய எழுந்தான்.

"வாண்ணே, சரியான நேரத்துக்கு வந்த. எம்பையனுக்கு பெங்களூருல ஒரு கம்பெனில கேக்கறாங்க. நீ சொன்னியேனுதான் மேனேஜர் கிட்ட லெட்டருக்கு வந்தேன். நீயே ஒரு வார்த்த சொல்லுண்ணே. இவரு எழுதனா ஆவும் இல்ல?"

பச்சமுத்து வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி பச்சமுத்துவின் முகத்தைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் கெஞ்சியது.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார் பச்சமுத்து. "இவரு எழுதி நான் பாத்ததில்ல."

ராஜாராமுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாண்ணே தமாஷா? உம்பொண்ணுக்கு..."

"எம்பொண்ணுக்குத் திண்டிவனத்துல ஒரு அம்மா எழுதுச்சி."

அவ்வளவுதான் சொன்னார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். ராஜாராம் தட்டை நீட்டுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டான்.

செவலை தகர ஷெட்டுக்குக் கீழே நின்றது. அவரைக் கண்டதும் கத்தியது. வயிறு இறங்கியிருந்தது. தண்ணீர்த் தொட்டி சுத்தமாக இருந்தது, புல்லும் கிடந்தது. அந்த வீட்டம்மாள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். அதுவும் அவருக்குக் கோபமாக வந்தது.

குனிந்து கழுத்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை உருவி, உதறி, கையில் சுற்றிக்கொண்டார். செவலையை ஒரு தட்டுத் தட்டினார். நிமிர்ந்தபோது வேதகிரி சுவர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். கயிற்றைப் பார்த்தார். அந்த ஊரில் பிறந்தவருக்கு அது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மாடு உனக்கு, உனக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை. ஏன்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பச்சமுத்து நின்றிருப்பார்.

செவலை கட்டு இல்லாமல் அவர் பின்னாலேயே வந்தது. வாசல் கேட்டு வரைக்கும் வந்தது. வெளியே போனவர், மூக்கை நீட்டி நுழையப் பார்த்த அதை உள்ளே தள்ளி, கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை மிதித்தார்.

வீட்டில் ஹேமாவதி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"செவலையக் கொண்டாரலியா?"

"குடுத்தது குடுத்ததுதான். சொன்ன சொல்லு மாற நான் இன்னா அவனா?"

கயிற்றைக் கொட்டகை ஆணியில் மாட்டினார். ஹேமாவதி பின்னால் வந்து நின்றாள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்த மேரியம்மா வூட்ல இன்னா கொற?"

"தெரியாது நைனா."

"புள்ளைங்க கீதுங்களா?"

"தெரியாது."

"புருஷன்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"பஸ்ஸுல உக்காந்து எழுதனவங்கள பத்தி அப்பனுக்கும் தெரியல, பொண்ணுக்கும் தெரியல. பொய் சொன்னவன் வூட்ல எந்தப் பாலு ஊத்தறாங்கனு எனக்குத் தெரியுது." கொஞ்சம் நிறுத்தி, "அவனாவது வெளியாளு. நீயும் எல்லாம் தெரிஞ்சிக்கினே என்னிய டீக்கடையில கத்த வுட்ட" என்றார்.

"நைனா..."

"நாளிக்கி திண்டிவனம் போறேன். அட்ரஸு எழுதிக் குடு."

"நானும் வரேன்."

"வாணாம். நானே பாத்துக்கறேன்."

அவள் போகாமல் அங்கேயே நின்றாள். செவலையின் தாய்ப்பசு கழுத்தை நீட்டி ஆணியில் தொங்கிய கயிற்றை மோந்து பார்த்தது. அப்புறம் தெருப் பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தது. மற்ற நாளாக இருந்தால் பச்சமுத்து ஓர் அதட்டல் போட்டிருப்பார். அன்று போடவில்லை. அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.